இயங்குதளப் பாடம்: கெர்னலைத் திறந்து படிக்க ஒரு வழி

டெட்லாக்கின் நான்கு நிபந்தனைகளைத் தேர்வில் பிசகாமல் எழுதும் மாணவர் பலருக்கு, தாங்கள் எழுதிய நிரல் ஏன் பாதியில் நின்றுவிட்டது என்று சொல்லத் தெரிவதில்லை. வரையறையாக மட்டும் படித்தால் இப்படித்தான் ஆகும். கெர்னலின் உள்ளே கைவைத்துப் படித்தால் இந்தப் பாடம் மறக்காது. ஒரே செமஸ்டரில் அதைச் செய்ய முடியும்.

1. சி மொழியைத் தீட்டிக்கொள்ளுங்கள். பாயிண்டர், ஸ்ட்ரக்ட், பிட் செயல்பாடுகள் மூன்றும் கைவசம் இருக்க வேண்டும். பாயிண்டர் தடுமாறினால் பின்னால் வரும் எல்லாமே தடுமாறும்.

2. ஒரு புத்தகம், ஒரு கெர்னல் போதும். விஸ்கான்சின்-மேடிசன் பல்கலைக்கழகத்தின் ரெம்சி, ஆண்ட்ரியா அர்பாசி-டுசோ இருவரும் எழுதிய ‘ஆபரேட்டிங் சிஸ்டம்ஸ்: த்ரீ ஈஸி பீசஸ்’ நூலின் அத்தியாயங்கள் இணையத்தில் இலவசம். கெர்னலுக்கு எக்ஸ்வி6. 1975-இல் வந்த யூனிக்ஸ் ஆறாம் பதிப்பை ஒட்டி எம்ஐடி மாணவர்களுக்காக 2006-இல் உருவானது; ஒரே ஆள் முழுவதும் படித்துவிடக்கூடிய அளவு. உபுண்டுவில் கியூஎமு எமுலேட்டரை நிறுவி அதை இயக்கலாம். விண்டோஸ் கணினி என்றால் டபிள்யூஎஸ்எல் வழியாக.

3. ஃபோர்க்கைத் தாளில் வரையுங்கள். இந்த அழைப்பு பெற்றோர் பிராசஸுக்குக் குழந்தையின் எண்ணையும், குழந்தைக்கு 0-வையும் திருப்பித் தரும். மூன்று ஃபோர்க்கை அடுத்தடுத்து எழுதி, கீழே ஒரு பிரின்ட்எஃப் போடுங்கள். எத்தனை வரி வரும்? முதலில் மரம் வரைந்து விடை எழுதிவிட்டு, பிறகு ஓட்டுங்கள். எட்டு வரும்.

4. ஒரு சிஸ்டம் காலைச் சேருங்கள். எக்ஸ்வி6-இல் ஒரே நேரத்தில் அதிகபட்சம் 64 பிராசஸ். கெர்னலின் பிராசஸ் அட்டவணையில் எத்தனை இடம் நிரம்பியிருக்கிறது என்று எண்ணிச் சொல்லும் அழைப்பை எழுதுங்கள். ரிஸ்க்-வி வடிவத்தில் பயனர் நிரல் அழைப்பின் எண்ணை ஏ7 ரெஜிஸ்டரில் வைத்து ‘ஈகால்’ கட்டளை இடுகிறது. கெர்னல் அந்த எண்ணைக் கொண்டு உரிய ஃபங்ஷனைத் தேடி ஓட்டுகிறது. அந்தப் பாதையை ஜிடிபி கொண்டு அடியடியாகப் பின்தொடருங்கள். பயனர் நிலைக்கும் கெர்னல் நிலைக்கும் உள்ள எல்லை அங்கேதான் புரியும்.

5. ரேஸ் கண்டிஷனைக் கண்ணால் பாருங்கள். லினக்ஸில் இரண்டு திரெட்கள், ஒரு பொது எண்ணி. ஒவ்வொன்றும் பத்து லட்சம் முறை ஒன்றைக் கூட்டட்டும். ஆப்டிமைசேஷன் இல்லாமல் கம்பைல் செய்யுங்கள். பெரும்பாலும் இருபது லட்சம் வராது. ஒவ்வொரு ஓட்டத்திலும் வேறு விடை வரும். எடுத்தல், கூட்டல், திருப்பி வைத்தல் என்று அந்த ஒரு வரி மூன்று வேலையாக நடப்பதே காரணம். இரண்டு திரெட்டும் ஒரே பழைய மதிப்பை எடுத்தால் ஒரு கூட்டல் காணாமல் போகும். மியூடெக்ஸ் போட்டு மறுபடி ஓட்டுங்கள்: விடை சரியாகும், நேரம் கூடும். லாக்கின் பயன், விலை இரண்டும் ஒருசேரத் தெரியும்.

6. ஒரு மெய்நிகர் முகவரியை இயற்பியல் முகவரியாகக் கையால் மாற்றுங்கள். எக்ஸ்வி6-இன் ரிஸ்க்-வி வடிவத்தில் பக்கம் 4096 பைட், மெய்நிகர் முகவரி 39 பிட். கடைசி 12 பிட் பக்கத்துக்குள் உள்ள இடம். மீதி 27 பிட், ஒன்பது ஒன்பதாக மூன்று நிலைப் பேஜ் டேபிளுக்கு வழிகாட்டும். இரண்டு முகவரிகளைப் போட்டுப் பார்த்தாலே பயம் விலகும்.

தேர்வுக்குப் படிக்கும்போது ஒவ்வொரு வரையறைக்கும் பக்கத்தில், அது எக்ஸ்வி6-இல் எந்தக் கோப்பில், எந்த ஃபங்ஷனில் நடக்கிறது என்று எழுதுங்கள். எழுத முடியாமல் நிற்கும் இடமே நீங்கள் திரும்பப் படிக்க வேண்டிய இடம்.