யாரைச் சாட்சியாக அழைப்பது?

அன்புள்ள தம்பிக்கு,

கொள்முதல் விசாரணைக்கு நிபுணர் பட்டியல் போடச் சொன்னார்கள், பெரிய பெயர்களாக இருபது சேர்த்துவிட்டேன் என்று எழுதியிருந்தாய். பெயர்களைச் சற்று ஒதுக்கி வை. குழு எந்தெந்தக் கேள்விகளுக்கு விடை தேடுகிறது என்பதை முதலில் எழுது. ஒருவரிடம் அவருக்குத் தெரிந்த கேள்வியை மட்டுமே கேட்க வேண்டும். அதைத் தாண்டினால், தெரிந்ததைச் சொன்ன அதே உறுதியோடு தெரியாததையும் சொல்லிவிட்டுப் போவார். இரண்டுமே அவைக்குறிப்பில் ஏறிவிடும்.

அமெரிக்க செனட்டில் ஹாரி ட்ரூமன் தலைமையில் 1941 மார்ச்சில் அமைந்த குழுவைப் பற்றித் தேடிப் படி. போர்க்காலக் கொள்முதலை ஆராய அதற்கு முதலில் கிடைத்தது 15,000 டாலர்தான். 1943 ஜனவரி 16 அன்று, வெள்ளோட்டம் முடித்துப் போர்ட்லாந்து துறையில் நின்றிருந்த ஸ்கெனெக்டடி என்ற புத்தம்புதிய எண்ணெய்க் கப்பல், அலையில்லாத நீரில் நின்றபடியே நடுவில் பிளந்தது. சில வாரங்களில் பென்சில்வேனியாவின் இர்வின் எஃகு ஆலை விவகாரம் குழுவின் முன் வந்தது. கப்பல்களுக்கு அனுப்பிய எஃகுத் தகடுகளின் சோதனை முடிவுகளைப் பொய்யாக எழுதி வந்தது விசாரணையில் வெளிப்பட்டது. சோதனைக்கூடத்தில் வேலை பார்த்தவர்களின் வாக்குமூலம் இல்லாமல் அது துலங்கியிருக்காது. ஆலைத் தலைவரை மட்டும் அழைத்திருந்தால் என்ன கிடைத்திருக்கும்?

ஆனால் கப்பல் ஏன் உடைந்தது என்பது வேறு கேள்வி. எஃகா, பற்றவைப்பா என்று அப்போது பெரிய வாதம் நடந்தது. போர்க்காலக் கப்பல்கள் பிளந்ததன் காரணத்தைத் துலக்கியவர்களில் கேம்பிரிட்ஜின் உலோகவியலாளர் கான்ஸ்டன்ஸ் டிப்பர் முக்கியமானவர். அந்த எஃகு குளிரில் வளையாமல் நொறுங்கியது. தகடுகள் பற்றவைத்து ஒன்றாகியிருந்ததால் தொடங்கிய விரிசலுக்குத் தடையே இல்லை. சோதனைக் குறிப்பேட்டில் பொய் எழுதியவரால் இதைச் சொல்லியிருக்க முடியாது. பொய் எழுதப்பட்டதை டிப்பராலும் சொல்லியிருக்க முடியாது.

உன் விசாரணையிலும் அப்படித்தான். விலை கூடுதலா என்பதைச் செலவுக் கணக்காளரிடம் கேள். விவரக்குறிப்பு ஒரு நிறுவனத்துக்காக வளைக்கப்பட்டதா என்றால், ஒப்பந்தப்புள்ளி ஆவணங்களைத் தன் கையால் எழுதிப் பழகியவர் வேண்டும். பொருள் உழைத்ததா என்று பண்டகக் காப்பாளரையும் அதை இயக்கியவரையும் கேட்காமல் பேராசிரியரைக் கேட்காதே.

இன்னொன்று, நான் பட்டுத் தெரிந்துகொண்டது. இந்த வேலையில் சேர்ந்த புதிதில் ஒரு விசாரணைக்கு ஒரு நிபுணரை நான்தான் பரிந்துரைத்தேன். தெளிவாகப் பேசினார், உறுப்பினர்கள் தலையாட்டினார்கள். ஒப்பந்தத்துக்குப் போட்டியிட்ட நிறுவனம் ஒன்றிடம் அவர் ஆலோசனைக் கட்டணம் வாங்கியது பிறகுதான் தெரிந்தது. அவர் சொன்னதில் பிழை இருந்ததா என்று யாரும் பார்க்கவில்லை. முழு சாட்சியத்தையும் ஒதுக்கினார்கள். அவர் எதையும் மறைக்கவில்லை, நான் கேட்கவில்லை. அந்தக் குற்றம் என்னுடையது. யாரிடம் எப்போது பணம் பெற்றார் என்று அழைப்புக்கு முன்பே எழுத்தில் வாங்கிவிடு. பெற்றிருந்தால் அழைக்கக் கூடாது என்றில்லை. குழுவுக்கு அது முதலிலேயே தெரிந்திருக்க வேண்டும்.

இருபது பெயர்களுக்கு எதிரிலும் அவரவர் விடை சொல்ல வேண்டிய கேள்வியை எழுதிப் பார். எதிரே ஒன்றும் எழுத முடியாத பெயர்களை அடித்துவிட்டு, திங்கட்கிழமைக்குள் பட்டியலை எனக்கு அனுப்பு.

அன்புடன்,
உன் அண்ணன்