சிறுவருக்கு இராயப்பரின் வரலாறு



விவிலியப் பெரியோரின் வரலாற்றைச் சிறுவருக்குச் சொல்லும்போது அவர்களுடைய குறைகளை மறைக்காதீர்கள். இராயப்பரைப் பாருங்கள். பெத்சாயிதா ஊரைச் சேர்ந்த மீனவர். ஆண்டவருக்காக உயிரையும் கொடுப்பதாகச் சொன்னவர், சேவல் கூவுமுன் மும்முறை அவரை மறுதலித்தார். பின் மனம் நொந்து அழுதார். நான்கு நற்செய்திகளும் அவரது மறுதலிப்பை மறைக்கவில்லை.

ஆனால், கதையை அத்துடன் நிறுத்திவிடாதீர்கள். உயிர்த்த ஆண்டவர் திபேரியாக் கடலோரத்தில் அவரிடம், தம்மை அன்பு செய்கிறாரா என்று மும்முறை கேட்டு, தம் மந்தையை அவரிடமே ஒப்படைத்தார் (அருளப்பர் 21). ஏன் மும்முறை கேட்டார் என்று பிள்ளைகளிடமே கேளுங்கள்; அவர்களே விடை காண்பார்கள்.

பொய் சொல்லிவிட்டு அஞ்சி நிற்கும் பிள்ளைக்கு, விழுந்தெழுந்த இராயப்பரே ஏற்ற துணை.