எலக்ட்ரிகலா, எலக்ட்ரானிக்ஸா?

சென்ற ஞாயிறு காலை, மேல்மாடியில் குடியிருக்கும் நெல்லைக்காரர் மகளை அழைத்துக்கொண்டு வந்தார். "அண்ணாச்சி, விருப்பப் பட்டியல் கொடுக்க நாளைக்குத்தான் கடைசி. இவ எலக்ட்ரிகல்தான் வேணுங்கா. பொம்பளப் பிள்ளை கரண்டுல போய்க் கை வைக்கவா?" என்றார். மின்சார ரயில் பராமரிப்பில் முப்பது வருடம் இருந்தவன் என்பதால் என்னிடம் வழக்கு.

அன்பர்களே, மின்சாரத்தைச் சக்தியாகக் கையாள்வது எலக்ட்ரிகல், செய்தியாகக் கையாள்வது எலக்ட்ரானிக்ஸ் என்று சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஆனால் தாதர் பிளாட்பாரத்தில் நின்று பார்த்தால் அந்தக் கோடு அவ்வளவு நேராக இல்லை.

1925 பிப்ரவரி 3 அன்று விக்டோரியா டெர்மினஸிலிருந்து குர்லாவுக்கு ஓடிய முதல் மின்சார வண்டி 1500 வோல்ட் டி.சி.யில் ஓடியது. நான் வேலை பார்த்த பழைய வண்டிகளும் அதே வகைதான். கிளம்பும்போது மோட்டாருக்குப் போகும் மின்னோட்டத்தை அடக்க மின்தடைகளைச் சேர்த்து, வேகம் கூடக்கூட ஒவ்வொன்றாக விலக்க வேண்டும். அவ்வளவும் வெறும் சூடாகப் போகும். ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் நிற்கும் லோக்கலில் இது எத்தனை நஷ்டம்!

2007இல் வந்த வண்டிகளில் மூன்று ஃபேஸ் ஏ.சி. மோட்டார். அரைக்கடத்தி ஸ்விட்சுகள் அதிர்வெண்ணை மாற்றியே வேகத்தை ஆள்கின்றன. பிரேக் போட்டால் மோட்டாரே ஜெனரேட்டராகி மின்சாரத்தை மேல்கம்பிக்குத் திருப்பி அனுப்பும். 2016க்குள் புறநகர்ப் பாதைகள் எல்லாம் 25,000 வோல்ட் ஏ.சி.க்கு மாறின, அதே சக்திக்கு மின்னோட்டம் ஏறக்குறைய பதினாறில் ஒரு பங்கு போதும். மோட்டார் எலக்ட்ரிகல், ஆட்டிவைப்பது எலக்ட்ரானிக்ஸ். அந்த வண்டி ஷெட்டுக்கு வந்தபோது, பழைய எலக்ட்ரிகல்காரனான நான் பள்ளிப் பையனைப்போல் மறுபடி பாடம் படித்தேன்.

ஊர் உறவினர்கள் "இ.இ.இ. சேர்த்துவிடு" என்பார்கள். பெயரில் இரண்டும் இருந்தாலும் அதன் எடை எலக்ட்ரிகல் பக்கம்தான். இங்கே மாதுங்கா வி.ஜே.டி.ஐ.யில் இரண்டும் தனித்தனி. எதில் சேர்ந்தாலும் பவர் எலக்ட்ரானிக்ஸ் பாடம் உண்டா என்று பாருங்கள். டிராம்பே பாபா அணு ஆராய்ச்சி மையம் இரு பிரிவினரையும் எடுக்கிறது.

"உனக்கு ஏன்ம்மா எலக்ட்ரிகல்?" என்றேன்.

"2020 அக்டோபர்ல மும்பை முழுக்க கரண்ட் போச்சே தாத்தா, ரயிலெல்லாம் நின்னுச்சே. அது எப்படித் திரும்ப வந்துச்சுன்னு அன்னிக்கு யாரும் எனக்குச் சொல்லல."

அப்பா பேசவில்லை. எலக்ட்ரிகலை முதலிலும் எலக்ட்ரானிக்ஸை இரண்டாவதிலும் அவளே எழுதினாள். மூன்றாவதற்கு என்ன எழுதலாம் என்று அவர்தான் என்னிடம் கேட்டார்.