காது மங்கினால் நினைவும் மங்குமா?

முதியோரின் மறதியைப் பற்றிப் பேசும்போது நாம் மூளையை மட்டுமே நினைக்கிறோம். அதற்குச் செய்தி கொண்டு செல்லும் காதையும் கண்ணையும் எண்ணிப் பார்ப்பதில்லை.

ஓசூரில் பல வீடுகளில் காணக்கூடிய காட்சி இது. 1970-களில் இங்கு சிப்காட் தொழிற்பேட்டை வந்த பின், இயந்திரங்களின் அருகே 30 ஆண்டுகள் உழைத்து ஓய்வுபெற்ற தாத்தா. "சாப்பிட்டீங்களா தாத்தா?" என்று பேத்தி கேட்டால், "நாளைக்குத்தான்" என்கிறார். வீட்டார் முதலில் சிரிக்கிறார்கள். பிறகு, "அவருக்கு மறதி வந்துவிட்டது" என்று முடிவு கட்டுகிறார்கள். உண்மையில் கேள்வியே அவருக்குச் சரியாக எட்டவில்லை.

உட்செவியில் நத்தைக் கூடு போன்ற பகுதி ஒன்று உண்டு. அதிலுள்ள நுண்ணிய மயிர் செல்கள் ஒலியை நரம்புச் செய்தியாக மாற்றுகின்றன. முதுமையாலோ இரைச்சலாலோ அழிந்த செல்கள் நம் உடலில் மீண்டும் உண்டாவதில்லை. (ஆலைகளில் 8 மணி நேர வேலைக்கு 90 டெசிபல் என வரம்பு வைத்திருப்பது இதனால்தான்.) முதலில் மறைவது ச, ஸ போன்ற கூரிய ஒலிகள். ஆகவே சத்தம் கேட்கும், சொல் விளங்காது. சொல்லைப் பிடிப்பதிலேயே மூளை களைத்துப்போகும். நினைவில் வைக்க வலுவிராது. பிரசங்கம் புரியாததால் ஞாயிறு திருப்பலிக்கே வராமல் நின்றுவிடும் பெரியவர்களும் உண்டு. அந்தத் தனிமை மூளைக்கு இன்னொரு கேடு.

மறதி நோயைப் பற்றிய லான்செட் ஆணையம் 2024-இல், மாற்றக்கூடிய 14 காரணங்களைக் கூறியது. காது கேளாமை அவற்றுள் முக்கியமானது. பார்வைக் குறை அவ்வாண்டு புதிதாகச் சேர்ந்தது. காது கேளாதவர் எல்லோருக்கும் இந்நோய் வரும் என்று இதற்குப் பொருளன்று. அமெரிக்காவில் 70 முதல் 84 வயதுள்ள 977 பேரிடம் நடந்த ஆய்வின் முடிவு 2023-இல் வெளியானது. காது கேட்கும் கருவியால் எல்லோருக்கும் பயன் தெரியவில்லை. ஆனால் நோய் வரும் வாய்ப்பு மிகுந்தவர்களுக்கு, 3 ஆண்டுகளில் அறிவுத்திறன் குறையும் வேகம் 48 சதவீதம் தணிந்தது.

நம் எல்லைக்கு அப்பால், கோலார் மாவட்டம் ஸ்ரீனிவாசபுரத்துக் கிராமங்களில், 45 வயதைக் கடந்தோரின் மூளை நலனை பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தைச் சார்ந்த மூளை ஆய்வு மையம் பல ஆண்டுகளாகக் கவனித்து வருகிறது. அவர்களும் நம்மைப் போல மாம்பழச் சீமைக்காரர்களே.

இங்கே இன்னொரு சிக்கலும் உண்டு. நம் பாட்டிமார் பலருக்குத் தாய்மொழி தெலுங்கு அல்லது கன்னடம். காது மந்தமான பாட்டியிடம் தமிழில் வேகமாக, "இன்று என்ன கிழமை?" என்று கேட்டு, பதில் வராததை மறதி என எழுதிக்கொள்வது நியாயமா? முதலில் காதில் குறும்பி அடைத்திருக்கிறதா என்று மருத்துவர் பார்க்கட்டும். கண்ணில் புரை இருக்கிறதா என்றும் பார்க்கட்டும். பிறகு அவர் மொழியிலேயே கேட்கட்டும். பால் தீய்ந்த வாடை தெரியாமற் போவதையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். அல்சைமர் நோயில் மோப்பம் முன்னதாகவே குறைவதுண்டு. வெறும் சளியாகவும் இருக்கலாம்.

கருவி வாங்கிய முதல் வாரங்களில் பாத்திரச் சத்தம் இடிபோல் கேட்கும். பல பாட்டிமார் அதைக் கழற்றிப் பீரோவில் வைத்துவிடுவது அப்போதுதான். தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு, எதிரே அமர்ந்து, கத்தாமல் நிதானமாகப் பேசினால் மெல்லப் பழகும். அந்தச் சிறிய பாட்டரியை மாற்ற அவர்களின் கண்ணும் விரலும் ஒத்துழைக்காது. பேத்திகளின் விரல்களுக்கு அது அரை நிமிட வேலை.