ஊன்றுபல்லும் மின்காந்த சிகிச்சையும்

"பல்லுப் போனால் சொல்லுப் போச்சு" என்பது எம்மவர் முதுமொழி. நகரமும் வகரமும் பல்லின் துணையோடு பிறக்கும் எழுத்துக்கள் என்று தமிழ் இலக்கணம் கூறுகின்றது. நாம் நாள்தோறும் ஓதும் திருவைந்தெழுத்தில் இவ்விரண்டும் அமைந்துள்ளன. பல் போனால் சொல்லோடு உணவும் குறைந்துவிடுகின்றது. கொடுப்புப் பற்களை இழந்தவர்கள் மரக்கறி, பயறு வகைகள், பழங்கள் முதலியவற்றைக் கைவிட்டுக் குழைந்த சோற்றோடும் கஞ்சியோடும் நின்றுவிடுகின்றனர். ஆகவே இழந்த பல்லுக்கு மாற்றுத் தேடுவது வெறும் அழகுக்கான காரியமன்று.

நீண்ட காலமாக இதற்கு இருந்த வழி, கழற்றி மாட்டும் கட்டுப்பல் ஆகும். இன்று தாடை எலும்பினுள்ளே உலோகத் திருகாணியொன்றை ஊன்றி, அதன்மேல் பல்லைப் பொருத்தும் முறையும் பரவியுள்ளது. இதனை வைத்தியர்கள் 'இம்பிளாண்ட்' என்பர். இக்கட்டுரையில் ஊன்றுபல் என்று குறிப்பிடுவோம். இந்த ஊன்றுபல் விரைவாகப் பிடிப்பதற்கு மின்காந்தப் புலத்தைப் பயன்படுத்தும் சிகிச்சை ஒன்றும் வந்துள்ளது. புலம்பெயர்ந்த உறவினர் வாயிலாகவும் தொலைபேசி விளம்பரங்கள் வாயிலாகவும் இத்தகைய செய்திகள் எமது ஊர்களுக்கும் வந்து சேர்கின்றன. எனவே இதன் உண்மை எது, எல்லை எது என்பதை அறிந்து வைத்தல் நன்று.

ஊன்றுபல் பிறந்த கதை

சுவீடன் நாட்டைச் சேர்ந்த பேராசிரியர் பிரானெமார்க் (1929 – 2014), 1950களில் முயல்களின் எலும்பில் இரத்த ஓட்டத்தை ஆராய்ந்தார். அதற்காக எலும்பினுள்ளே தைற்றேனியம் என்னும் உலோகத்தாலான சிறு கருவியைப் பொருத்தினார். ஆய்வு முடிந்து அதனைக் கழற்ற முற்பட்டபோது அது வரவில்லை. எலும்பு அவ்வுலோகத்தைத் தன்னோடு சேர்த்துப் பற்றிக்கொண்டிருந்தது. இதிலிருந்தே ஊன்றுபல் முறை வளர்ந்தது. 1965 ஆம் ஆண்டில், பிறவியிலேயே தாடைக் குறைபாடு கொண்டிருந்த கோஸ்ட்டா லார்சன் என்பவருக்கு முதன்முதலில் இவை பொருத்தப்பட்டன. அவர் 2006 இல் காலமாகும் வரை, ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள், அவை அவருக்குப் பயன்பட்டன.

எங்கள் ஊர்ப் பெயரிலுள்ள நறுவிலியின் பழத்தில் நல்ல பசை உண்டு. அதனால் கடதாசி ஒட்டலாம். ஆனால் எலும்பையும் தைற்றேனியத்தையும் இணைப்பதற்குப் பசை எதுவும் இல்லை. அவ்வுலோகத்தின் மேற்பரப்பில் ஒட்சிசன் சேர்ந்து மெல்லிய படலம் ஒன்று உண்டாகின்றது. உடல் அதனைப் பகையென்று தள்ளுவதில்லை. எலும்பாக்கும் கலங்கள் அதன்மேல் படிந்து புதிய எலும்பை ஆக்குகின்றன.

கதியாலும் ஊன்றுபல்லும்

வேலிக்குக் கதியால் நடுவதை எண்ணிப் பாருங்கள். நட்ட அன்று அது உறுதியாக நிற்பது மண்ணை இறுக்கி மிதித்ததனாலாகும். வேர் பிடிப்பது பின்னரே நிகழும். இடைப்பட்ட நாட்களில் மாடு உரசினாலோ, பிள்ளைகள் பிடித்து ஆட்டினாலோ அது பட்டுப்போகும். ஊன்றுபல்லும் அவ்வாறே. வைத்த அன்று திருகாணியின் புரிகள் எலும்பை இறுகப் பிடித்திருக்கும். பின்னர் காயப்பட்ட பழைய எலும்பு கரையும். புதிய எலும்பு வளரும். பழையது தளர்ந்து புதியது முற்றாத முதற் சில வாரங்களிலேதான் ஊன்றுபல்லின் உறுதி குறைகின்றது. ஒரேயொரு வேறுபாடு உண்டு. கதியால் தானே வேர் விடும். இங்கோ நிலமாகிய எலும்பு வந்து கதியாலைப் பற்றுகின்றது. பிரானெமார்க் வகுத்த பழைய முறைப்படி கீழ்த்தாடையில் மூன்று மாதமும் மேல்தாடையில் ஆறு மாதமும் காத்திருந்த பின்னரே மேலே பல் பொருத்தப்பட்டது. இக்காலத்தைக் குறைக்க முடியுமா என்ற கேள்வியிலிருந்தே மின்காந்த சிகிச்சை ஊன்றுபல்லுக்கு வந்தது.

எலும்பும் மின்சாரமும்

எலும்பை அழுத்தினால் அதில் நுண்ணிய மின்னழுத்தம் தோன்றுகின்றது என்பதை யப்பானிய ஆய்வாளர்களான புக்காடா, யசூடா ஆகிய இருவரும் 1957 இல் எடுத்துக் காட்டினர். உழைக்கும் கை கால்களில் எலும்பு உரம் பெறுவதற்கும் படுக்கையிற் கிடப்பவருக்கு அது மெலிவதற்கும் இதுவும் ஒரு காரணமாகலாம் என்ற எண்ணம் வலுப்பெற்றது. பின்னர் அமெரிக்காவில் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தின் வைத்தியர் பசெற், நெடுநாள் பொருந்தாத எலும்பு முறிவுகளின்மேல் மின்சுருளை வைத்து, விட்டு விட்டுத் துடிக்கும் காந்தப் புலத்தைச் செலுத்தினார். 1979 இல் அந்நாட்டின் உணவு, மருந்து நிருவாகம் பொருந்தாத முறிவுகளுக்கு இச்சிகிச்சையை அனுமதித்தது.

இங்கே ஒரு விடயத்தைத் தெளிவாக விளங்கிக்கொள்ள வேண்டும். மாறுகின்ற காந்தப் புலமே மின்னோட்டத்தைத் தூண்டும் என்பது 1831 இல் பரடே கண்ட விதி. இச்சிகிச்சையிலும் துடிக்கும் புலமே இழையத்தில் நுண்ணிய மின்னோட்டத்தைத் தூண்டி, எலும்பாக்கும் கலங்களை ஊக்குவிக்கின்றது. அசையாது ஓரிடத்தில் கட்டிவைக்கும் காந்தக் கல் இதனைச் செய்யாது. ஆகவே காந்தக் காப்பு, காந்த மாலை, காந்தத் தண்ணீர் என்று விற்கப்படுபவற்றுக்கும் இச்சிகிச்சைக்கும் தொடர்பில்லை.

வாய்க்குள் ஒரு சிறு கருவி

ஊன்றுபல்லின்மேல் தற்காலிகமாக மூடி ஒன்றைத் திருகி வைப்பது வழக்கம். அம்மூடிக்குள்ளேயே சிறு மின்கலத்தையும் சுருளையும் அடக்கிய கருவியொன்று இஸ்ரேல் நாட்டில் உருவாக்கப்பட்டது. முயல்களில் அதனைச் சோதித்து, ஊன்றியதைச் சுற்றிப் புதிய எலும்பு கூடுதலாக வளர்ந்தது என 2016 இல் அறிவித்தனர். 2020 இல் வெளிவந்த ஆய்வொன்றில் 19 பேருக்கு 40 ஊன்றுபற்கள் வைக்கப்பட்டன. ஒரு பகுதிக்கு இக்கருவியும் மறுபகுதிக்குச் சாதாரண மூடியும் பொருத்தப்பட்டன. கருவி இருந்தவற்றில் உறுதி மேம்பட்டுக் காணப்பட்டது.

இது நற்செய்தியே. எனினும் 19 பேர் என்பது மிகச் சிறிய தொகை. விரைவாகப் பிடித்தமை பத்து ஆண்டுகளின் பின்னும் நன்மை தருமா என்பதற்குச் சில வார ஆய்வு விடை கூறாது. மேலும், எந்தக் காந்தமும் இல்லாமலே, முறையாக வைத்து முறையாகப் பேணிய ஊன்றுபற்களில் 100க்கு 90க்கு மேற்பட்டவை பத்து ஆண்டுகள் நிலைக்கின்றன. எனவே இச்சிகிச்சை ஒரு துணையாகலாமேயன்றி, அடிப்படையாகாது.

அடிப்படை எது?

ஊன்றுபல் பிடியாமற் போவதற்குக் காரணங்கள் பெரும்பாலும் எமது பழக்கங்களிலேயே உள்ளன. புகைப்பவருக்கு முரசின் இரத்த ஓட்டம் குறைந்து காயம் ஆறுவது தாமதிக்கும். கட்டுப்பாடற்ற நீரிழிவு உள்ளவருக்குக் கிருமித்தொற்று எளிதில் ஏற்படும். முரசு நோயைக் குணப்படுத்தாமல் ஊன்றினால் அந்நோய் ஊன்றுபல்லைச் சுற்றியுள்ள எலும்பையும் கரைக்கும்.

வெற்றிலை, பாக்கு, புகையிலை மெல்லும் வழக்கம் பற்றியும் கூறியாக வேண்டும். பூசையிலும் மங்கல காரியங்களிலும் தாம்பூலம் வைப்பது எமது பண்பாடு. அதனை நாள் முழுதும் வாயில் அடக்கி வைப்பது வேறு. பாக்கு மட்டுமே புற்றுநோயை உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004 இல் அறிவித்தது. இலங்கை ஆண்களிடையே மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோயே. பாக்கு மெல்வோர் சிலருக்கு வாயின் உட்புறம் இறுகி, வாயைத் திறக்கவே இயலாமற் போகும். அந்நிலையில் ஊன்றுபல் வைப்பதும் கடினமாகிவிடும்.

செலவிடுமுன் கேட்க வேண்டியவை

ஊன்றுபல் பெருஞ்செலவு பிடிக்கும் சிகிச்சை. மின்காந்தக் கருவி அச்செலவை மேலும் கூட்டும். ஆகையால் பணம் கட்டுமுன் வைத்தியரிடம் தயங்காது கேளுங்கள்: என் தாடை எலும்பு போதுமானதா? முரசு நலமாக உள்ளதா? சீனியின் அளவு கட்டுப்பாட்டில் உள்ளதா? இக்கருவி இல்லாவிட்டால் எனக்கு என்ன குறை? கட்டுப்பல்லே போதுமா? இதயத்தில் 'பேஸ்மேக்கர்' பொருத்தியவர்களும் கர்ப்பிணித் தாய்மாரும் அதனை முதலிலேயே கூறிவிடல் வேண்டும். பிள்ளைகள் வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்பினார்கள் என்பதற்காக மட்டும் சம்மதிக்க வேண்டாம்.

எல்லாவற்றிலும் மேலானது, இருக்கும் பல்லைக் காப்பதாகும். ஆலங்குச்சியாலும் வேலங்குச்சியாலும் பல் துலக்கிய முன்னோரின் ஒழுங்கு எமக்கும் வேண்டும். காலையிலும் இரவு படுக்குமுன்னும் புளோரைட் கலந்த பற்பசையால் பல் துலக்குங்கள். முரசில் இரத்தம் கசிந்தாலோ, பல் ஆடினாலோ, வாயில் வெள்ளைத் தழும்போ ஆறாத புண்ணோ கண்டாலோ நாட்கடத்தாது மன்னார் மாவட்டப் பொது வைத்தியசாலையின் பற்சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுங்கள். பணம் கொடுத்துப் புதிய பல் ஊன்றலாம். அதனைப் பற்றிக்கொள்ளும் எலும்பையும் முரசையும் நாமேதான் காத்து வைக்க வேண்டும்.