நாலு மணிக்கு வண்டியை நிறுத்தணும்

ஆரணியில் தறிக்குழியில் உட்கார்ந்தவர்களுக்குப் பயணம் என்றால் கல்யாணம், சாவு, ஆடி மாதம் படவேட்டு ரேணுகாம்பாள் கோயில். அதற்கு மேல் நேரம் இருந்ததில்லை. என் வீட்டுக்காரரும் வாழ்நாள் முழுக்க அப்படியே இருந்தார். நான் அரசுப் பள்ளியில் ஆசிரியை. பென்ஷன் வாங்க ஆரம்பித்த பிறகு, ஜரிகை இழை கண்ணுக்குப் பிடிபடவில்லை என்று அவரும் தறியை மகனிடம் விட்டுவிட்டார். அப்போது வாங்கியதுதான் இந்தப் பழைய ஆம்னி வேன். அதிலேயே படுத்து, அதன் பக்கத்திலேயே சமைத்து, ஊர் ஊராகப் போய் வருகிறோம். எங்கள் வயதுக்காரர்கள் பலர் விவரம் கேட்கிறார்கள். அவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்த வாழ்க்கையில் வண்டி ஓட்டுவது பெரிய வேலையே இல்லை. எங்கே நிறுத்துவது என்பதுதான் வேலை. காலையில் எத்தனை மணிக்குக் கிளம்பினாலும் சாயங்காலம் நாலு மணிக்கு இரவு தங்கும் இடம் முடிவாகிவிட வேண்டும். "என்னங்க, மணி நாலாச்சு" என்று நான் சொன்னால், "இன்னும் கொஞ்சம் தூரம் போயிடலாமே" என்பார். நான் பதில் பேச மாட்டேன். "சரி டீச்சர்" என்று அவரே ஓரம் கட்டிவிடுவார். வெளிச்சத்தில் இடத்தைப் பார்க்கலாம். பக்கத்தில் யார் இருக்கிறார்கள், தண்ணீர் எங்கே, கழிப்பறைக்குப் பூட்டு எத்தனை மணிக்கு, தெருவிளக்கு எரியுமா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். இருட்டிய பிறகு போய் நின்றால் இதில் ஒன்றும் தெரியாது. எதிர்வண்டி விளக்கு கண்ணைக் கூசும் வயது எங்களுக்கு. ராத்திரி ஓட்டுவதே கிடையாது.

எங்கே நிறுத்தலாம்? நெடுஞ்சாலையில் ஆள் நடமாட்டமுள்ள பெரிய பெட்ரோல் பங்க் முதல் இடம். கழிப்பறை, குடிதண்ணீர், டயருக்குக் காற்று மூன்றையும் பங்க்குகள் இலவசமாகத் தர வேண்டும் என்பது விதி. ஆனாலும் நாங்கள் அதை உரிமையாகக் கேட்பதில்லை. பெட்ரோல் போட்டுவிட்டு மேலாளரிடம் நேரே போய், "வயசானவங்க, ராத்திரி இங்கேயே படுத்துட்டுக் காலையில கிளம்பிடுறோம்" என்று சொன்னால் பெரும்பாலும் தலையாட்டுவார்கள். இரவுக் காவலாளியிடமும் தனியாகச் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் நடுராத்திரியில் கண்ணாடியைத் தட்டுவார். கர்நாடகத்தில் ஒரு வரி கைகொடுத்தது: "இல்லி நில்லிசபஹுதா?" இங்கே நிறுத்தலாமா என்று அர்த்தம். அவர்கள் மொழியில் கேட்டால் முகமே மாறும்.

அடுத்தது கோயில், மடம். மைசூரைச் சேர்ந்த கிருஷ்ணகுமார் 2018 ஜனவரியில் தன் அப்பாவின் பழைய பஜாஜ் சேதக் ஸ்கூட்டரில் அம்மா சூடாரத்னாவை ஏற்றிக்கொண்டு நாடு சுற்றக் கிளம்பியதைப் படித்திருப்பீர்கள். கூட்டுக் குடும்பத்து அடுக்களையைத் தாண்டி வெளியே போகாத அம்மா அவர். அவர்களும் பல ஊர்களில் மடங்களிலும் கோயில்களிலும்தான் தங்கினார்கள். சிறிய ஊர்க் கோயில்தான் எங்களுக்கு வசதி. திருவண்ணாமலை மாதிரி ஊர்களில் பௌர்ணமி அன்று வண்டியோடு மாட்டிக்கொள்ளக் கூடாது. நாள்காட்டியைப் பார்க்காமல் எந்தக் கோயில் ஊருக்கும் போகாதீர்கள்.

மூன்றாவது, காசு கொடுத்துத் தங்குவது. இரண்டு ராத்திரி வண்டியில் படுத்தால் மூன்றாவது ராத்திரி லாட்ஜில் ரூம் போடுவோம். துணி துவைக்க, வெந்நீரில் குளிக்க, காலை நீட்டிப் படுக்க அந்த ஒரு நாள் வேண்டும். இதில் கஞ்சத்தனம் பார்த்தால் ஒரு வாரத்தில் வீட்டு ஞாபகம் வந்துவிடும்.

கழிப்பறை பற்றிப் பெண்கள் யாரும் வெளிப்படையாக எழுதுவதில்லை. நான் எழுதுகிறேன். வெளியே போனால் தண்ணீரே குடிக்காமல் இருக்கும் பழக்கம் எங்கள் தலைமுறைப் பெண்களுக்கு உண்டு. பள்ளிக்கூடத்தில் இருந்தபோதே அப்படித்தான், கழிப்பறை லட்சணம் அப்படி. அறுபது வயதுக்கு மேல் இது நீர்க்கடுப்பில் கொண்டுபோய் விடும். ஆகவே தண்ணீரைக் குறைக்காதீர்கள். நிறுத்தத்தைக் கூட்டுங்கள். ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை கண்டிப்பாக இறங்குகிறோம். ராத்திரி அவசரத்துக்கு மூடியுள்ள பிளாஸ்டிக் வாளி ஒன்று வண்டியில் இருக்கிறது. நோயாளிகளுக்கான மடக்குக் கழிப்பறை நாற்காலி மருத்துவப் பொருள் கடைகளில் கிடைக்கும். முழங்கால் மடக்க முடியாதவர்கள் அதை வாங்கிவிடுங்கள். தயக்கம் வேண்டாம்.

வெளிநாட்டில் ஓய்வு பெற்றவர்கள் படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ள பெரிய வண்டியிலேயே வருஷக்கணக்கில் வாழ்கிறார்கள். அங்கே அந்த வண்டிகள் நிற்பதற்கென்றே தனி மைதானங்கள் உண்டு. மின்சாரம், தண்ணீர் இணைத்துக்கொள்ளலாம், கழிவுத் தொட்டியைக் காலி செய்யலாம். நமக்குக் கேரவன் என்றால் சினிமா ஷூட்டிங்தான் ஞாபகம் வரும். கேரளா 2021இல் கேரவன் சுற்றுலாத் திட்டத்தை அறிவித்து, வாகமண்ணில் அதற்கான இடம் ஒன்றைத் திறந்தது. நல்ல தொடக்கம். ஆனால் கழிவைக் கொட்ட ஊருக்கு ஊர் ஏற்பாடு வராத வரைக்கும் தொட்டி வைத்த பெரிய வண்டி நம்மைப் போன்றவர்களுக்குச் சுமை. சின்ன வண்டிதான் சரி. சந்துக்குள் போகும், மரநிழலில் ஒதுங்கும், எந்த ஊர் மெக்கானிக்குக்கும் தெரியும்.

ஆம்னி 1984இல் வந்து 2019இல் நின்றுபோன வண்டி. எங்களுடையது எட்டுப் பேர் உட்காரும் வகை. பின்பக்க இருக்கைகள் இரண்டும் எதிரெதிராக இருக்கும். நடுப்பள்ளத்தில் தச்சர் ஒரு பலகையும் இரண்டு முட்டுக்கட்டையும் செய்து கொடுத்தார். மேலே இலவம்பஞ்சு மெத்தை. காலையில் பலகையைத் தூக்கினால் மறுபடி வேன்தான். இருக்கையைக் கழற்றிவிட்டு நிரந்தரமாகக் கட்டில் அடிக்கலாமே என்று சொல்பவர்கள் உண்டு. செய்யாதீர்கள். ஆர்.சி. புத்தகத்தில் உள்ளதற்கு மாறாக வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு தடுக்கிறது. விபத்து நேர்ந்தால் இன்சூரன்ஸிலும் சிக்கல் வரும்.

இந்த வண்டியில் முன் இருக்கைக்கு அடியில்தான் இன்ஜின். வெயிலில் ஓட்டினால் தொடை வேகும். பத்து மணிக்குள் பெரும்பகுதித் தூரம், மூன்று மணிக்கு மேல் மீதிக் கொஞ்சம் என்று பிரித்துக்கொள்கிறோம். நடுவில் புளியமரத்தடி. மணிக்கு 60 கிலோமீட்டருக்கு மேல் போவதில்லை. தறியில் மிதிப்பலகை மிதித்த கால் அவருக்கு, அதே நிதானத்தில் கிளட்சையும் மிதிக்கிறார். ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளிலும் அந்த நிதானத்தைப் பார்த்தேன். இறங்கும்போது பிரேக்கையே நம்பாமல், ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும்.

சமையல் சுருக்கம்தான். ஆரணிப் பொன்னி அரிசி, பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல், அவல், சத்துமாவு, எலுமிச்சை. காய் மட்டும் போகும் ஊரில். 5 கிலோ சின்ன சிலிண்டர் அடையாள அட்டை காட்டினால் பங்க்குகளிலேயே கிடைக்கிறது. வண்டி ஓடும்போது ரெகுலேட்டரைக் கழற்றி, மூடி போட்டு, நிமிர்த்தி வைத்துக் கட்ட வேண்டும். வண்டிக்குள் அடுப்பு பற்ற வைக்கவே கூடாது. மழை பெய்தால் அன்றைக்கு ஹோட்டல். படுக்கும்போது கண்ணாடியை இரண்டு விரல் அளவு இறக்கிவிட்டுக் கொசுவலைத் துணி ஒட்டுங்கள். குளுகுளுவென்று இருக்கட்டும் என்று இன்ஜினை ஓடவிட்டுத் தூங்குவது உயிருக்கே ஆபத்து.

அவருக்கு இன்சுலின் உண்டு. வெயிலில் நின்ற வண்டி அடுப்புச் சூட்டுக்கு வந்துவிடும், மருந்து கெட்டுப்போகும். ஒரு மண்சட்டியில் ஈரமணல் நிரப்பி, அதன் நடுவே சின்ன மண்குடுவையை இறக்கி, அதற்குள் மருந்தை வைத்து ஈரத்துணியால் மூடுகிறோம். இறங்கினால் சட்டியும் எங்களோடு நிழலுக்கு வரும். மருந்துச் சீட்டில் கம்பெனிப் பெயரோடு மருந்தின் பொதுப்பெயரையும் எழுதித் தரச் சொல்லுங்கள். வேறு மாநிலத்தில் கம்பெனி மாறினாலும் மருந்து கிடைக்கும். கதவின் உள்பக்கம் ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டியிருக்கிறேன்: அவசரத்துக்கு 112, ஆம்புலன்ஸுக்கு 108, தேசிய நெடுஞ்சாலை உதவிக்கு 1033, முதியோர் உதவிக்கு 14567. கீழே மகன் எண், இரண்டு பேருடைய ரத்த வகை.

சுங்கச்சாவடிச் செலவைப் பற்றி ஒன்று. சொந்த உபயோக கார், வேன்களுக்கு 2025 ஆகஸ்ட் 15 முதல் ஃபாஸ்டேக் ஆண்டுப் பாஸ் வந்திருக்கிறது. அறிமுக விலை 3,000 ரூபாய். ஒரு வருஷம் அல்லது 200 முறை கடப்பது, எது முதலில் முடிகிறதோ அதுவரை செல்லும். தேசிய நெடுஞ்சாலைச் சாவடிகளுக்கு மட்டுமே. மாதத்துக்கு ஒரு பயணம் போகிறவர்களுக்கே லாபம்.

எங்கே போவது என்று நாங்கள் அதிகம் யோசிக்கவில்லை. ஆரணித் தறிக்கு வரும் பட்டு நூலில் பெரும்பகுதி கர்நாடகத்திலிருந்து வருவது. அந்த நூல் வந்த வழியிலேயே திரும்பிப் போவது என்று முடிவு செய்தோம். வேலூர், வாணியம்பாடி, கிருஷ்ணகிரியில் ராத்திரி, மறுநாள் ஓசூர், பெங்களூரு தாண்டி ராமநகரம். 'ஷோலே' படம் எடுத்த பாறைக்குன்றுகள் ஊரைச் சுற்றி நிற்கின்றன. நாங்கள் பார்க்கப் போனது அங்குள்ள அரசுப் பட்டுக்கூடு சந்தையை. காலையிலேயே விவசாயிகள் மூட்டை மூட்டையாகக் கூடுகளைக் கொண்டுவந்து தட்டுகளில் கொட்டுகிறார்கள். மஞ்சளோடிய கலப்பினக் கூடு ஒரு பக்கம், வெண்பட்டுக் கூடு ஒரு பக்கம். நூற்பவர்கள் கையை விட்டு அளைந்து, அமுக்கிப் பார்த்து விலை வைக்கிறார்கள். சந்தை என்றால் மதியம் போகலாம் என்று நினைக்காதீர்கள். காலையில் போனால்தான் காட்சி. வாசலில் கேட்டுவிட்டு உள்ளே போக வேண்டும்.

என் வீட்டுக்காரர் பட்டை நூற்கட்டாகத்தான் பார்த்தவர். ஒரு விவசாயி அவர் கையில் ஒரு கூட்டைக் கொடுத்து, காதருகே வைத்து ஆட்டச் சொன்னார். உள்ளே கூட்டுப்புழு தட்டும் சத்தம் கேட்டது. அந்த ஒரு கூட்டில் ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் இழை ஒரே ஓட்டமாக இருக்கிறது. அந்துப்பூச்சி துளைத்து வெளியே வந்துவிட்டால் இழை அறுந்து வீண். அதனால்தான் அத்தனை அவசரம். அவர் ரொம்ப நேரம் அந்தத் தட்டுகளுக்கு நடுவிலேயே நின்றார். தன் பாவில் ஓடிய இழையின் பிறந்த வீட்டை அறுபது வயதுக்கு மேல் பார்த்திருக்கிறார். நெசவு செய்யும் ஒவ்வொருவரும் ஒரு முறையாவது அங்கே போய்வர வேண்டும், சங்கங்களே பஸ் வைத்துக் கூட்டிப்போக வேண்டும் என்று அன்று முதல் எல்லோரிடமும் சொல்லி வருகிறேன். கைத்தறி என்றால் சேலையை மட்டும் காட்டுகிறோம். அதற்குப் பின்னால் இருக்கும் மல்பெரித் தோட்டமும் கொதிநீரில் கைவைத்து நூற்கும் பெண்களும் நம் பிள்ளைகள் கண்ணுக்குத் தெரிவதே இல்லை. அங்கிருந்து மைசூருக்குப் போனால் 1912இல் தொடங்கிய அரசுப் பட்டு ஆலையும் இருக்கிறது.

தொழிலை வைத்தே வழி அமைத்துக்கொள்வதில் இன்னொரு லாபம், பேச ஆள் கிடைக்கும். பவானியில் ஜமுக்காளத் தறி, திருபுவனத்தில் பட்டுத் தறி, எங்கே போனாலும் அவர் தறிக்குழி ஓரத்தில் உட்கார்ந்துவிடுவார். அவர்களே சாப்பாடு போட்டு, வாசலில் வண்டியை நிறுத்தச் சொல்லிவிடுவார்கள். ஆசிரியர், ரயில்வேக்காரர், விவசாயி யாராக இருந்தாலும் இப்படி ஒரு வழி இருக்கும்.

இரண்டு பேர் சின்ன வண்டியில் நாள் முழுக்க இருப்பது சுலபமில்லை. வீட்டில் அவர் தறியில், நான் பள்ளியில். பகலெல்லாம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததே கிடையாது. அதனால் தினமும் ஒரு மணி நேரம் தனித்தனி. அவர் டீக்கடைக்குப் போவார், நான் வண்டியில் படிப்பேன். பிறகு நான் கோயிலுக்குப் போவேன், அவர் காவல். வழி தப்பினால் யார் தப்பு என்று பேசுவதில்லை, அது முதல் நாளே செய்துகொண்ட ஒப்பந்தம். எந்தப் பொருள் எந்த இடத்தில் என்பதையும் அவர்தான் முடிவு செய்கிறார். இழை பிசகாமல் வேலை செய்தவர், டார்ச் லைட்டை இருட்டிலும் கைநீட்டி எடுப்பார்.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் தூரமாகப் போகாதீர்கள். ஆரணியிலிருந்து போளூர் வழியாக ஜவ்வாது மலை ஜமுனாமரத்தூருக்கு ஒரு ராத்திரி போய்வாருங்கள். தை, மாசியில் போனால் மழைத் தொந்தரவும் இல்லை, கோடை வெயிலும் இல்லை. போர்வை இரண்டு அதிகம் எடுத்துக்கொள்ளுங்கள். மலையிலேயே காவலூரில் வைணு பாப்பு வானோக்கு நிலையம் இருக்கிறது. 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986 முதல் அங்கே வேலை செய்கிறது. சனிக்கிழமை பொதுமக்களைப் பார்க்க விடுவார்கள். கிளம்பும் முன் போன் செய்து நேரம் கேட்டுக்கொள்ளுங்கள். மலையில் பெட்ரோல் கிடைக்கும் என்று நம்பாமல் போளூரிலேயே டேங்கை நிரப்பிவிடுங்கள்.