வேரொடு களைதல்

டிராம்பே என்றதும் நம் நினைவுக்கு வருவது பாபா அணு ஆராய்ச்சி மையம். இந்தியாவின் முதல் அணு உலையாகிய அப்சரா அங்கே 1956 ஆகஸ்ட் 4 அன்று இயங்கத் தொடங்கியது. அரை நூற்றாண்டுக்கும் மேல் உழைத்த அவ்வுலை 2009இல் நிறுத்தப்பட்டது. எரிபொருள் அகற்றப்பட்டு, பழைய உலை கழற்றப்பட்ட பின்னரே மேம்பட்ட அப்சரா எழுந்து, 2018 செப்டம்பர் 10 அன்று இயங்கலாயிற்று. பழையதை முற்றும் அகற்றிப் புதியதை நிறுவும் முறை, நம் வீட்டு மேசைக் கணினிக்கும் உரியதே.

கடிதம் எழுதவும் கணக்கிடவும் படக்காட்சி அமைக்கவும் பயன்படுவது அலுவலக மென்பொருள். அது சில வேளைகளில் திறக்க மறுக்கும். திறந்தாலும் தட்டச்சு செய்யும்போதே நின்றுவிடும். உடனே பலர் திரையிலுள்ள சின்னத்தை இழுத்துக் குப்பைத்தொட்டியில் இடுகின்றனர். அது வீட்டின் பெயர்ப்பலகையைக் கழற்றுவதற்கு ஒப்பாகும். அச்சின்னம் மென்பொருளுக்குச் செல்லும் குறுக்குவழி மட்டுமே. மென்பொருள் இருந்த இடத்திலேயே இருக்கும்.

வேறு சிலர் மென்பொருளின் கோப்புறையையே அழித்துவிடுகின்றனர். இது முன்னதைவிடத் தீங்கானது. விண்டோஸ் கணினியில் 'ரெஜிஸ்ட்ரி' என்னும் உட்பதிவேடு ஒன்று உண்டு. எந்த மென்பொருள் எங்கே நிறுவப்பட்டது, எவ்வகைக் கோப்பை எது திறக்கும் என்னும் செய்திகள் அதில் எழுதப்பட்டிருக்கும். கோப்புறை அழிந்தாலும் இக்குறிப்பு அழிவதில்லை. ஆகவே, இல்லாத மென்பொருளை இருப்பதாகவே கணினி கருதும். மீண்டும் நிறுவ முயன்றால், "முன்னரே உள்ளது" என்று தடுக்கவும் கூடும்.

முறையான வழி, அமைப்புகள் பகுதியில் உள்ள செயலிகளின் பட்டியலுக்குச் சென்று 'நிறுவல் நீக்கு' என்று கட்டளையிடுவதாகும். முடிந்ததும் கணினியை மறுதொடக்கம் செய்தல் வேண்டும். பயன்பாட்டில் இருக்கும் கோப்பை விண்டோஸ் உடனே நீக்காது. அடுத்த முறை தொடங்கும்போது நீக்குவதற்கெனக் குறித்து வைத்துக்கொள்ளும். மறுதொடக்கத்தைச் சோம்பலால் தவிர்ப்பவர், பாதி நீங்கிய பழையதன் மேல் புதியதை நிறுவுகின்றார்.

இத்தனையும் செய்த பின்னரும் அதே பழுது திரும்புவதுண்டு. ஏன்?

மென்பொருள் வேறு, அதைப் பயன்படுத்துபவரின் விருப்பங்கள் வேறு. நீங்கள் தேர்ந்த எழுத்தளவு, பக்க அமைப்பு, அகராதியில் நீங்களே சேர்த்த சொற்கள் ஆகியவை மென்பொருளின் கோப்புறையில் இருப்பதில்லை. உங்கள் பெயரில் உள்ள 'ஆப்டேட்டா' என்னும் மறைவுக் கோப்புறையில் இருக்கின்றன. மைக்ரோசாஃப்ட் வேர்டின் பொது வார்ப்புருவும் அங்கேதான் உள்ளது. லிப்ரே ஆபீஸும் தன் பயனர் விவரத்தை அங்கேயே வைக்கின்றது. நிறுவல் நீக்கம் பொதுவாக இவற்றைத் தொடுவதில்லை. பழுது இங்கே இருந்தால், எத்தனை முறை நிறுவினாலும் புதிய மென்பொருள் பழைய நோயையே பெறும். களையின் தலையைக் கிள்ளினால் வேர் மீண்டும் துளிர்ப்பது போன்றதே இது.

எனினும், ஆப்டேட்டாவினுள் அம்மென்பொருளுக்கு உரிய கோப்புறையை உடனே அழித்தல் கூடாது. அதற்கு வேறொரு பெயர் சூட்டினால் போதும். மென்பொருள் அடுத்த முறை திறக்கும்போது தனக்குப் புதியதொன்றை உருவாக்கிக்கொள்ளும். பழுது நீங்கிற்றா என்று பார்த்த பின், பழையதிலிருந்து வேண்டிய சொற்பட்டியலை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

சென்னையில் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய 'பாஸ்' என்னும் இயங்குதளம் டெபியன் லினக்ஸைச் சார்ந்தது. டெபியன் குடும்பத்தில் நீக்குவதற்கு இரண்டு கட்டளைகள் உள்ளன. 'ரிமூவ்' மென்பொருளை மட்டும் நீக்கும். 'பர்ஜ்' கணினியின் பொது அமைப்புக் கோப்புகளையும் சேர்த்துக் களையும். பயனரின் இல்லக் கோப்புறையை இரண்டும் தொடுவதில்லை. தமிழிலும் நீக்குதல், களைதல், அழித்தல் என்பன ஒரே பொருளுடையன அல்ல என்பதை இங்கே நினைவுகூர்தல் தகும்.

தமிழ்க் குடும்பத்தின் கணினியில் இன்னொன்றையும் காத்தல் வேண்டும். ஒருங்குறி பரவுவதற்கு முன்னர், ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பப்படி தமிழ் எழுத்துகளை ஆங்கில எழுத்துகளின் இடங்களில் அமைத்தது. 1999இல் தமிழ்நாடு அரசு டாம், டாப் என்னும் குறியீட்டு முறைகளை வகுத்தது. 2010இல் ஒருங்குறியை ஏற்றது. அதற்கு முன் தட்டச்சான தாத்தாவின் கடிதமோ தமிழ்ச் சங்க ஆண்டு மலரோ உங்கள் கணினியில் இருக்கலாம். அலுவலக மென்பொருளை நீக்குவதால் அவற்றின் எழுத்துரு போய்விடாது. ஆயின், பொறுமையிழந்து வன்தட்டு முழுவதையும் துடைத்துவிட்டால், ஆவணத்தின் படி வேறிடத்தில் இருந்தும் எழுத்துரு இராது. அப்போது தமிழுக்குப் பதிலாகப் பொருளற்ற இலத்தீன் குறிகளே தோன்றும். ஆகவே, ஆவணத்தோடு எழுத்துருக் கோப்பையும் படியெடுத்து வைத்தல் வேண்டும். ஒருங்குறிக்கு மாற்றி வைப்பது அதனினும் நன்று.

உரிமக் குறியீட்டையும் கணக்கின் பெயரையும் முன்னரே எழுதி வைத்துக்கொள்வீர். மைக்ரோசாஃப்ட் ஆபீஸின் 32 பிட் பதிப்பும் 64 பிட் பதிப்பும் ஒரே கணினியில் சேர்ந்து வாழா என்பதையும் அறிக. உண்மையில், இவ்வளவும் எல்லா வேளையிலும் தேவைப்படுவதில்லை. அதே பட்டியலில் 'பழுதுபார்' என்னும் கட்டளையும் உண்டு. முதலில் அதனை முயல்வதே அறிவுடைமை.

சொற்பொருள்

களைதல் – வேண்டாததை வேரோடு நீக்குதல்
ஒருங்குறி – உலக மொழிகளின் எழுத்துகளுக்கான பொதுக் குறியீட்டு முறை
வார்ப்புரு – ஆவணத்தின் முன்னமைந்த வடிவம்

பயிற்சி

1. குறுக்குவழியை நீக்குவதற்கும் நிறுவல் நீக்கத்திற்கும் உள்ள வேறுபாட்டை எழுதுக.
2. மீண்டும் நிறுவிய பின்னரும் பழுது தொடர்வதன் காரணம் யாது?
3. நீக்குதல், களைதல், அழித்தல் ஆகிய சொற்களைத் தனித்தனி வாக்கியங்களில் அமைக்க.
4. உங்கள் இல்லத்தில் ஒருங்குறிக்கு முந்தைய தமிழ் ஆவணம் உள்ளதா என்று பெரியோரிடம் கேட்டறிந்து, அதனை எவ்வாறு காப்பீர்கள் என்று ஐந்து வரிகளில் எழுதுக.